எபிங்ஹாஸ் வட்டங்களில் கண் ஏமாறும்போது கையும் ஏமாறுமா? பிடிப்பு அளவீட்டில் ஒரு சந்தேகம்

புலன்வழி கேட்டது:

வணக்கம். எபிங்ஹாஸ் மாயத்தை வைத்து ஒரு பிடிப்புச் சோதனை ஆய்வகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் சிறு வட்டங்கள் இருந்தால் நடு வட்டம் பெரிதாகவும், பெரிய வட்டங்கள் இருந்தால் சிறிதாகவும் தெரியுமே, அதேதான். சுற்று வட்டங்களைத் தாளில் அச்சிட்டிருக்கிறோம். நடுவில் 28, 30, 32 மி.மீ. விட்டத்தில் 3 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் வில்லைகள். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல் நகங்களில் மார்க்கர் (கேமரா பின்தொடரும் சிறு குறி), நொடிக்கு 100 பிரேம் எடுக்கும் கேமராக்கள்.

இரண்டு வேலை கொடுக்கிறோம். ஒன்று, வில்லையை எடுக்க வேண்டும். கை போகும் வழியில் விரல்கள் அதிகபட்சம் எவ்வளவு விரிகின்றன என்று அளக்கிறோம். மற்றொன்று, கையை மேசையில் வைத்தபடியே, வில்லை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அந்த அளவுக்கு விரல்களை விரித்துக் காட்ட வேண்டும். காட்டும் வேலையில் மாயத்தின் பாதிப்பு, எடுக்கும் வேலையில் வருவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

இதை வைத்து "நாம் உணரும் பார்வை வேறு, கையை நடத்தும் பார்வை வேறு" என்று எழுதலாமா? எடுக்கும்போது கண்ணை மறைக்க வேண்டுமா, திறந்தே விடலாமா? இதைவிட உறுதியான சோதனை ஏதாவது உண்டா?

---

அளவுகோல் பதில்:

இப்போதைக்கு எழுத முடியாது. இரு மடங்கு என்பதை அப்படியே நம்ப வேண்டாம், முதலில் சாய்வைப் பாருங்கள், அதாவது விட்டம் 1 மி.மீ. கூடினால் விரல் விரிவு எவ்வளவு கூடுகிறது என்பதை.

வில்லையின் விட்டம் 1 மி.மீ. கூடினால் எடுக்கும் வேலையில் விரல் விரிவு சுமார் 0.8 மி.மீ. கூடும். காட்டும் வேலையில் அப்படி இல்லை. அங்கே ஆட்கள் மிகைப்படுத்திக் காட்டுவார்கள், சாய்வு 1-ஐத் தாண்டிப் போய்விடும். உதாரணக் கணக்கு ஒன்று: காட்டும் வேலையில் மாயம் 2.4 மி.மீ., சாய்வு 1.6. எடுக்கும் வேலையில் மாயம் 1.2 மி.மீ., சாய்வு 0.8. மாயத்தைச் சாய்வால் வகுத்தால் இரண்டிலும் 1.5 மி.மீ. தான் வருகிறது. நீங்கள் பார்த்த இரு மடங்கு மொத்தமும் சாய்வு வித்தியாசத்திலிருந்தே வந்திருக்கலாம். இந்தத் துறை ஆய்வாளர் ஃபோல்கர் ஃபிரான்ஸ் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான்.

அடுத்த சிக்கல், சாய்வை நம்பகமாகக் கணக்கிட 28 முதல் 32 வரை என்ற வீச்சு போதாது. 24-லிருந்து 40 வரை ஐந்து அளவுகளாவது வையுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வகுத்துப் பிறகு சராசரி எடுக்கவும் கூடாது. யாராவது ஒருவருக்குச் சாய்வு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அவருடைய விகிதம் மட்டும் எங்கேயோ போய் முழுச் சராசரியையும் இழுத்துவிடும். முதலில் குழுச் சராசரிகளை எடுத்து, அவற்றின் விகிதத்தைக் கணக்கிட்டு, நம்பக இடைவெளியை (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சை) ஃபீலர், பூட்ஸ்ட்ராப் என்ற புள்ளியியல் முறைகளில் ஒன்றில் போடுங்கள்.

சுற்று வட்டங்களுக்கும் வில்லைக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் அளந்து பாருங்கள். பாடநூல் படத்தில் சிறு வட்டங்கள் நெருக்கமாகவும் பெரியவை தள்ளியும் இருக்கும். ஆனால் அச்சு வட்டமாக இருந்தாலும் கை அதைத் தடையாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா இல்லையா என்பதே விரிவை மாற்றிவிடும். அப்படி வரும் மாற்றத்துக்கும் அளவு மாயத்துக்கும் சம்பந்தமில்லை. இரண்டு அமைப்பிலும் இடைவெளியை ஒன்றாக்குங்கள். பாதி முறைகளில் (ஒரு முறை என்றால் ஒரு தடவை செய்வது) சுற்று வட்டங்களைத் திருப்பி வைத்து, விரல் இறங்கும் இடத்தில் ஒருமுறை வட்டமும் ஒருமுறை வெற்றிடமும் வரும்படி செய்யுங்கள். திருப்பியதால் விரிவு மாறினால் அது தடை விளைவு.

ஒரே நேரத்தில் எத்தனை அமைப்பு கண்ணில் படுகிறது என்பதும் முக்கியம். 1995-இல் அலியோட்டி, டிசூசா, குடேல் மூவரும் செய்த, கண்ணைவிடக் கை குறைவாகவே ஏமாறுகிறது என்று காட்டிய பிரபலமான சோதனையில் இரண்டு அமைப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பார்வை வேலையில் ஆட்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள், ஆனால் கை ஒரே ஒரு வில்லையைத்தான் எடுத்தது. இரண்டையும் நேரடியாக ஒப்பிடும்போது வரும் மாயம், தனித்தனியாக அளந்து கூட்டினால் வருவதைவிடப் பெரியது. 2000-இல் ஃபிரான்ஸ் குழு இரண்டு வேலைகளையும் சமமாக அமைத்துப் பார்த்தபோது வித்தியாசம் மறைந்துபோனது. 2016-இல் கோபிஸ்கே உள்ளிட்டோர் திட்டத்தை முன்பே பதிவுசெய்து, பல ஆய்வகங்களில் 144 பேரை வைத்துச் செய்ததிலும் பிடிப்பில் மாயம் தெளிவாகவே தெரிந்தது. குடேல் தரப்பு இந்த விளக்கத்தை ஏற்கவில்லை, விவாதம் இன்னும் நடக்கிறது. எனவே உங்கள் இரண்டு வேலைகளிலும் ஒரு நேரத்தில் ஒரே ஓர் அமைப்பை மட்டும் காட்டுங்கள்.

கண்ணை மறைப்பது பற்றி. திறந்தே விட்டால் கை நெருங்க நெருங்க விரலையும் வில்லையையும் சேர்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும். அதிகபட்ச விரிவு, அசைவின் 60–70 விழுக்காட்டில்தான் வருகிறது. அதற்குள் திருத்தம் நுழைந்து மாயத்தைக் குறைத்துவிடும். அது திருத்தத்தின் பலன். இரண்டு பார்வைகள் உண்டு என்பதற்கு ஆதாரம் ஆகாது. கை கிளம்பும் இடத்தில் ஒரு மைக்ரோசுவிட்ச் பட்டன் வையுங்கள். விரல் அதை விட்ட கணத்தில் எல்.சி.டி. ஷட்டர் கண்ணாடி மூடிக்கொள்ளட்டும். ஆனால் "எடு" என்ற ஒலிக்கு முன்பே மூடிவிடாதீர்கள். அப்படி மூடினால் கை நினைவிலிருந்து வேலை செய்யும், அது வேறு சோதனை ஆகிவிடும்.

இன்னும் ஒன்று: எடுக்கும் வேலையில் ஒவ்வொரு முறையும் விரல் வில்லையைத் தொட்டு உண்மை அளவைத் தெரிந்துகொள்கிறது. காட்டும் வேலையில் அந்தத் தகவல் இல்லை. காட்டி முடித்ததும் வில்லையை எடுக்கச் சொன்னால் இரண்டும் சமமாகும்.

மார்க்கர் நகத்தில் இருப்பதால் விரிவு கூடுதலாகத் தெரிவது பரவாயில்லை, எல்லா முறையிலும் ஒரே அளவு கூடுவதால் கழிந்துபோகும். மார்க்கர் நடுவில் நகர்ந்துவிட்டால்தான் ஆபத்து. 20 முறைக்கு ஒருதரம் விரல்களை ஒட்டிப் பிடிக்கச் சொல்லி அடிப்படை அளவை மறுபடி எடுங்கள்.

---

பிடரிமடல் பதில்:

மேலே சொன்ன அளவீட்டு விஷயங்கள் அத்தனையும் சரி. ஆனால் எபிங்ஹாஸ் விழுந்தால் இரு பாதைக் கொள்கையும் (பார்த்து உணர மூளையில் ஒரு பாதை, கையை நடத்த இன்னொரு பாதை என்பது) விழுந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அந்தக் கொள்கை நிற்பது மூளைச் சேதம் அடைந்தவர்களிடம் கண்ட முடிவுகளின் மேல்தான்.

1988-இல் கார்பன் மோனாக்சைடு நச்சால் பாதிக்கப்பட்ட டி.எஃப். என்ற பெண்மணியை மில்னரும் குடேலும் ஆராய்ந்தார்கள். அவருக்கு நிறம் தெரியும், பரப்பின் இழைநயம் தெரியும், ஆனால் வடிவம் தெரியாது. திருப்பக்கூடிய ஒரு வட்டத் தட்டில் நீளமான துளை. கையில் ஓர் அட்டை. துளை எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதே சாய்வில் அட்டையைத் திருப்பிக் காட்டச் சொன்னால் கண்டபடி திருப்புவார். அதே அட்டையைத் தபால் போடுவதுபோல் துளைக்குள் போடச் சொன்னால், கை பாதி வழி போவதற்குள்ளேயே சரியான கோணத்துக்குத் திரும்பிவிடும். பரப்பளவு ஒன்றாகவும் நீள அகலம் மட்டும் மாறியும் இருக்கும் செவ்வகக் கட்டைகளிலும் இதே கதைதான்: அகலத்தை விரலால் காட்ட முடியவில்லை, எடுக்கும்போது விரல் சரியாக விரிகிறது. 1991-இல் இது வெளியானது. பிறகு எடுத்த மூளைப் படங்களில் இருபுறமும் பக்கவாட்டுப் பிடரிப் பகுதி, அதாவது வென்ட்ரல் எனப்படும் கீழ்ப்பாதை, சேதமடைந்திருப்பது தெரிந்தது.

எதிர்த்திசையில் இருப்பது பார்வைசார் கைத்தடுமாற்றம். 1909-இல் ரெஜோ பாலிண்ட் விவரித்தது. டார்சல் எனும் மேல்பாதை போகும், மூளையின் உச்சிப் பகுதியான பரைட்டல் மடலில் சேதம். பொருள் என்ன, எப்படி இருக்கிறது என்று சொல்வார்கள், ஆனால் கை நீட்டினால் தவறும். 1988-இல் பெரெனின், விகெட்டோ இருவரும் இதே துளைச் சோதனையை வைத்தபோது அவர்களுடைய கை தவறான கோணத்தில் போனது.

காலதாமதம் கொடுத்தால் வருவதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கட்டையைக் காட்டி மறைத்து, 2 நொடி கழித்து எடுப்பதுபோல் செய்யச் சொன்னால் டி.எஃப்.-இன் விரல்கள் அளவை இழந்துவிடுகின்றன. நலமானவர்களுக்கு அப்படி ஆவதில்லை. பரைட்டல் சேதம் உள்ளவருக்கோ 5 நொடி தாமதம் கொடுத்தால் கை முன்பைவிடச் சரியாகப் போகிறது! மேல்பாதை அந்தந்தக் கணத்துக்குக் கணக்குப் போட்டு உடனே அழித்துவிடுகிறது, நினைவில் தங்குவது கீழ்ப்பாதை தந்த காட்சி என்று வைத்துக்கொண்டால் இரண்டு முடிவும் ஒருசேர விளங்கும்.

எச்சரிக்கையும் உண்டு. டி.எஃப். ஒருவரே ஒருவர். அவருடைய பரைட்டல் பகுதியிலும் சேதம் இருக்கிறது. கட்டையைத் தொட முடியாதபடி செய்தால் அவருடைய பிடிப்பு அளவு குலைகிறது என்று 2012-இல் தாமஸ் ஷெங்க் காட்டினார். அதற்குக் குடேல் தரப்பிலிருந்து மறுப்பும் வந்தது. "இரண்டு பாதைகளும் ஒட்டு உறவே இல்லாமல் தனித்தனி" என்று யாராவது எழுதினால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். எந்தக் கருவியை எடுப்பது, அதன் கைப்பிடி எந்தப் பக்கம், எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்பதெல்லாம் கீழ்ப்பாதை இல்லாமல் நடக்காது.

---

இயன்முறை பதில்:

மேலே வந்த கைத்தடுமாற்றத்தைப் படுக்கையருகே சோதிப்பது எப்படி என்று ஒரு குறிப்பு. பலர் நேராகப் பார்க்கவிட்டு "நன்றாகத்தானே எடுக்கிறார்" என்று விட்டுவிடுகிறார்கள். நேர்ப்பார்வையில் பலருக்குத் தவறே வராது.

நோயாளி உங்கள் மூக்கையே பார்க்கட்டும். பக்கவாட்டில் ஒரு பேனாவை நீட்டுங்கள், கண்ணைத் திருப்பாமல் எடுக்கச் சொல்லுங்கள். வலப்புலம்–வலக்கை, வலப்புலம்–இடக்கை, இடப்புலம்–வலக்கை, இடப்புலம்–இடக்கை என நான்கு சேர்க்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் (புலம் என்றால் பார்வையின் அந்தப் பக்கம்). ஒரு புலத்தில் இரண்டு கையும் தவறினால் அது புல விளைவு. ஒரு கை மட்டும் கூடுதலாகத் தவறினால் கை விளைவும் சேர்ந்திருக்கிறது. மூளையின் வலப்புறச் சேதத்தில் பெரும்பாலும் இடப்புல விளைவு மட்டும் இருக்கும். இடப்புறச் சேதத்தில் வலப்புலத்தோடு வலக்கையும் சேரும்.

அதற்கு முன்பு பார்வைப் புலம் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கண்ணை மூடித் தன் மூக்கையும் காதையும் தொடச் சொல்லுங்கள். அதுவே தவறினால் கோளாறு மூட்டுணர்விலோ (கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே அறியும் உணர்வு) சிறுமூளையிலோ இருக்கலாம், பார்வைசார் தடுமாற்றம் என்று பெயர் வைக்க முடியாது.

---

புலன்வழி:

மிக்க நன்றி. இடைவெளி இரண்டு அமைப்பிலும் வேறுவேறாகத்தான் இருக்கிறது, மாற்றிவிடுகிறோம். நோயாளிகள் கிடைக்காத சிறிய ஆய்வகத்தில், நலமானவர்களை வைத்தே "உணராமல் கை திருத்திக்கொள்கிறது" என்பதைக் காட்ட வழி உண்டா? கண் அசைவைப் பதியும் கருவி இருக்கிறது. திரை 60 ஹெர்ட்ஸ்.

---

தாவல்விழி பதில்:

உண்டு, அளவு மாயத்தைவிடத் தெளிவான வழி அது. இலக்கு நகரும் சோதனை. 1986-இல் குடேல், பெலிசோன், பிராப்லாங் செய்தது. கண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும்போது, அந்தத் தாவலுக்குள் இலக்கைச் சற்று நகர்த்திவிடுவார்கள். பார்ப்பவருக்கு நகர்ந்ததே தெரியாது. கை மட்டும் புதிய இடத்துக்குப் போய்ச் சேரும். அவர்கள் சோதனையில் கையையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்திருந்தார்கள், அப்போதும் திருத்தம் நடந்தது.

முதல் வேலை, 60 ஹெர்ட்ஸ் திரையை ஓரம் கட்டுங்கள். ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிசெகண்டு, அதன்மேல் திரையின் சொந்தத் தாமதம் வேறு. 20 டிகிரி கண் தாவல் மொத்தமே 65 மில்லிசெகண்டு அளவில் முடிந்துவிடும். திரை மாறுவதற்குள் கண் இறங்கிவிட்டால் இலக்கு நகர்வது அப்பட்டமாகத் தெரியும், சோதனை கெட்டது. சாதாரண எல்.இ.டி. விளக்குகளும் ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் போதும். கண்ணிலிருந்து 57 செ.மீ. தூரத்தில் 1 செ.மீ. என்பது ஏறக்குறைய 1 டிகிரி, கணக்குச் சுலபம். நடுவில் ஒரு விளக்கு, வலப்பக்கம் 20 செ.மீ.-இல் இலக்கு, அதற்கு 2 செ.மீ. முன்னும் பின்னும் ஒவ்வொன்று.

கண்ணின் வேகம் நொடிக்கு 30 டிகிரியைத் தாண்டியதும் இலக்கை மாற்றலாம். ஆனால் கருவிப் பதிவின் இரைச்சலில் பொய்த் தூண்டல் நிறைய வரும். நடுவிலிருந்து 3 டிகிரி தள்ளி ஒரு கற்பனைக் கோடு போட்டு, பார்வை அதைக் கடந்ததும் மாற்றுவது நம்பகமானது. மாறிய நேரத்தை ஒரு ஃபோட்டோடயோடு (ஒளி உணரி) வைத்து எல்லா முறையிலும் பதியுங்கள். தாவல் முடிந்த பிறகு மாறிய முறைகளைக் கழித்துவிட வேண்டும்.

எவ்வளவு நகர்த்தலாம்? 1975-இல் பிரிட்ஜ்மன் குழு கண்டபடி, தாவல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை நகர்ந்தாலும் பெரும்பாலும் தெரிவதில்லை. நீங்கள் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: பழைய விளக்கு அணைந்து புதியது எரிவதற்குள் இடைவெளி விழக்கூடாது. கண் இறங்கும்போது இலக்கு இல்லாமல் இருந்து, 200–300 மில்லிசெகண்டு கழித்துத் தோன்றினால், நகர்வு நன்றாகத் தெரிந்துவிடும். டாய்பல் குழு 1996-இல் காட்டிய விளைவு அது. அறையும் இருட்டாக இருக்க வேண்டும். மேசை விளிம்பு தெரிந்தாலே அதை வைத்து நகர்வைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கை அசைவுக்கு 400–600 மில்லிசெகண்டு ஆகும்படி பழக்குங்கள். 250-க்குள் முடிந்துவிட்டால் திருத்தத்துக்கு நேரமே இல்லை. நகராத முறைகள் பாதிக்கு மேல் இருக்கட்டும், இல்லாவிட்டால் எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள்.

திருத்தம் எப்போது தொடங்கியது என்று அளக்கத் தனியாக ஒரு தொகுதி வையுங்கள். அதில் கை முன்னோக்கிப் போகும்போது இலக்கு பக்கவாட்டில் நகரட்டும். இங்கே அது தெரிந்தாலும் பரவாயில்லை. 100 பிரேம் போதாது, 200-க்கு மேல் வேண்டும். நகர்ந்த முறைகளுக்கும் நகராதவற்றுக்கும் உள்ள பக்கவாட்டு வேக வித்தியாசத்தை எடுத்து, அதன் உச்சத்தில் 25, 75 விழுக்காட்டுப் புள்ளிகளை இணைக்கும் கோட்டைப் பின்னுக்கு நீட்டி, பூஜ்யத்தைத் தொடும் நேரத்தைத் தொடக்கமாகக் கொள்ளுங்கள். பதிவை இருவழி வடிகட்டியில் (முன்னும் பின்னுமாக ஓடி இரைச்சலைக் குறைக்கும் கணக்கு) போட்டு, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும் நேரத்தை எடுத்தால் தொடக்கம் உண்மையைவிட முன்னதாகக் காட்டும். வடிகட்டி அசைவைப் பின்னுக்கும் பரப்பிவிடுவதுதான் காரணம். இப்படி அளந்தால் பெரும்பாலும் 100–150 மில்லிசெகண்டு வரும்.

அதே தொகுதியின் கடைசியில் ஒரு கட்டளை மட்டும் மாற்றிப் பாருங்கள்: "இலக்கு நகர்ந்தால் எதிர்ப்பக்கம் போ." டே, லயன் 2000-இல் செய்ததுபோல், கை முதலில் இலக்கின் பக்கமே சற்றுச் சாயும், பிறகுதான் சொன்னபடி திரும்பும். அதே ஆண்டு பிசெல்லா குழு "நகர்ந்தால் கையை நிறுத்து" என்று சொல்லிப் பார்த்தது. நிறுத்த நினைத்தும் கை நகர்ந்த இலக்கைத் துரத்திய முறைகள் கணிசமாக வந்தன. இருபுறப் பரைட்டல் சேதமுள்ள ஒருவரிடம் அந்தத் தன்னியக்கத் திருத்தம் இல்லை. பிடரிமடல் சொன்னதோடு இது அழகாகப் பொருந்துகிறது.

---

அளவுகோல்:

இந்தச் சோதனைக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் "தெரியவில்லை" என்பதை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. "நகர்ந்ததா, ஆமா இல்லையா" என்று கேட்டால் லேசாகச் சந்தேகம் வந்தவர்களும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "முன்னா, பின்னா, ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்" என்று கேட்டு, சிக்னல் கண்டறிதல் கணக்கில் டி-பிரைம் (வேறுபாட்டை எவ்வளவு கண்டுபிடிக்கிறார்கள் என்ற அளவு, பூஜ்யம் என்றால் வெறும் யூகம்) எடுங்கள். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்து, கை மட்டும் திருத்தியிருந்தால்தான் பேச முடியும்.

கேள்வியையும் கை ஓடும் அதே முறையில் கேட்காதீர்கள். திருத்தம் முடிந்த பிறகு தன் கை எங்கே நிற்கிறது என்ற மூட்டுணர்வை வைத்தே பதிலை யூகிக்கலாம். கண் மட்டும் தாவி, கை சும்மா இருக்கும் தனித் தொகுதி ஒன்று வையுங்கள்.

நேரத்தை ஒப்பிடுவதிலும் கவனம் தேவை. 1991-இல் காஸ்டியெல்லோ, பாலினியன், ஜான்னரோ மூவரும் இலக்கு மாறியதும் குரல் கொடுக்கச் சொன்னார்கள். கை சுமார் 100 மில்லிசெகண்டில் திருத்தத் தொடங்கியது, குரல் 420-இல்தான் வந்தது. ஆனால் குரல் எழுப்பவே நேரம் பிடிக்கும். உங்கள் சோதனையில் கை அசைவே இல்லாத வெறும் குரல் எதிர்வினை நேரத்தையும் தனியாக அளந்து கழியுங்கள்.

---

புலன்வழி:

எல்.இ.டி. அமைப்பை இந்த வாரமே தொடங்குகிறோம். விளக்கின் பிரகாசம் எவ்வளவு இருக்கலாம்?

---

தாவல்விழி:

கண்ணுக்குத் தெரியும் குறைந்தபட்சத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இருட்டறையில் பிரகாசமான விளக்கு விழித்திரையில் பின்பிம்பம் விட்டுச்செல்லும். அப்போது பழைய இடம், புதிய இடம் இரண்டும் சேர்ந்து தெரிந்து, ஒளித்துவைத்த நகர்வு அம்பலமாகிவிடும். மின்தடையைக் கூட்டி, முன்னால் ஒரு மங்கல் தாளையும் ஒட்டுங்கள். மூன்று இலக்கு விளக்குகளும் ஒரே பிரகாசத்தில் இருக்கின்றனவா என்று தவறாமல் பாருங்கள். ஒன்று கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஆட்கள் அதை வைத்தே "முன்னா, பின்னா" கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிடுவார்கள். முறைகளுக்கு நடுவே அறை விளக்கைச் சில நொடி போட்டு அணையுங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழகிவிட்டால் மேசை விளிம்பும் கையும் தெரிய ஆரம்பித்துவிடும்.